தோட்டத்துல ஓடுற குட்டி ரயில் செட்டு: ஆறு மழை பாத்த பெறகு எழுதுற ரிவ்யூ

இந்த செட்ட வாங்குன அன்னைக்கே ரிவ்யூ எழுதியிருந்தா அஞ்சுக்கு அஞ்சு போட்டிருப்பேன். முதல் மழை முடிஞ்ச அன்னைக்கு எழுதியிருந்தா ஒண்ணு கூட போட்டிருக்க மாட்டேன். இப்போ மூணு வருஷம் ஆச்சு, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இடவப்பாதியும் (வைகாசி பாதியில தொடங்குற தென்மேற்கு மழை) உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு, அப்போ மொத்தம் ஆறு மழை. இனி எழுதலாம்னு தோணுச்சு.

டப்பாக்குள்ள என்ன உண்டுன்னு மொதல்ல சொல்லிருதேன். நாலு சக்கரத்துல ஒரு குட்டி டேங்க் எஞ்சின், ரெண்டு பெட்டி, ஒரு வட்டம் போடுறதுக்கு வளைவு தண்டவாளம் 12 துண்டு, பவர் பேக்கு, கன்ட்ரோலர். தண்டவாளம் முழுசும் பித்தளை, உயரம் 8 மில்லிமீட்டருக்கு மேல, எங்க அம்மை தெரியாம ஏறி நின்னப்போ கூட ஒண்ணும் ஆகல. ஸ்லீப்பர் பிளாஸ்டிக்கு, மூணு வெயில் பட்டும் உடையல. ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 45 மில்லிமீட்டர். இந்த அளவுல, வீட்டுக்கு வெளிய மழையிலயும் வெயிலயும் போட்டு ஓட்டலாம்னு ஊரறிய பண்ணுனது ஜெர்மனியில நியூரம்பெர்க்ல இருந்த லேமன் கம்பெனி, 1968ல எல்ஜிபின்னு பேரு வச்சு இறக்குனாங்க, இப்போ அந்த பேரு மேர்க்லின் கையில. அதுக்கு பெறகு வேற வேற கம்பெனிகளும் அதே 45ல பண்ண ஆரம்பிச்சாச்சு, ஒருத்தரோட வண்டி இன்னொருத்தரோட தண்டவாளத்துல ஓடும். நான் வாங்குனது யாரோடதுன்னு சொல்லல. சொன்னா கீழ வரப்போற திட்டு அவங்க மேல போய் விழும், அதுல பாதி என் மேலதான் விழணும்.

விலைய பத்தி கேக்காதீங்க, வீட்டுக்காரியும் இத வாசிப்பா. ஒண்ணு மட்டும் சொல்லுதேன், இது நம்ம ஊர் கடையில போய் கேட்டா கிடைக்கிற சாமான் இல்ல. வெளிய இருந்து வரவழைச்சா விளையாட்டு சாமான் கணக்குல வரி, 2023 பட்ஜெட்டுல அத 60ல இருந்து 70 சதவீதமா ஆக்கிட்டாங்க. எனக்கு சொந்தக்காரப் பையன் ஒருத்தன் லீவுக்கு வரும்போது தூக்கிட்டு வந்தான், அவன் அம்மைக்கு கொண்டு வர்றேன்னு சொன்ன மிக்சிக்கு பெட்டியில இடம் இல்லாம போச்சு, சித்தி இன்னும் என்கிட்ட சரியா பேசல.

எக்ஸ்ட்ரா தண்டவாளத்துக்கு ஆன்லைன்ல ஒரு ஆளுகிட்ட ஆர்டர் போட்டேன், அது ஒரு கூத்து. பத்து வளைவு கேட்டா ஒம்போது வருகு, துண்டையும் துண்டையும் சேக்குற ஜாயினர் பாக்கெட்டே இல்ல, ஃபோன் பண்ணா 'அனுப்பியாச்சு சார்'. ஒரு மாசம் பாத்துட்டு கோட்டாறுல ஒரு பட்டறையில பித்தளைத் தகடு வெட்டி மடக்கி வாங்கிட்டேன், ஒண்ணு 12 ரூவா. ஒரிஜினல விட இறுக்கமா நிக்கி, அந்த பட்டறைக்காரருக்கு அஞ்சு ஸ்டார்.

இனி அளவு விஷயம். இத புரிஞ்சுக்காம வாங்குனா காசு போகும். பக்கத்து விளையில (தோட்டத்துல) ஒரு மாமா உண்டு, ரயில்வேல ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ரிட்டயர்ட் ஆனவரு, பாதி சர்வீஸ் செங்கோட்டை பக்கம். கேஜ்னா ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல உள்ள அகலம், டப்பா மேல நேரோ கேஜ்னு போட்டிருக்கத காட்டுனதும் கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு சக்கரத்துக்கு நடுவுல ஸ்கேலு வச்சு அளந்தாரு.

"எத்தனையில ஒரு பங்கா சின்னதாக்கியிருக்கான்?"

"22.5ல ஒரு பங்கு மாமா."

மனசுக்குள்ளயே பெருக்குனாரு. "அப்போ ஆயிரத்துப் பன்னண்டர மில்லிமீட்டர். லேய், இது மீட்டர் கேஜ் டே! மீட்டர் கேஜ போய் நேரோ கேஜுன்னு சொல்லிட்டு திரியாத, கேட்டவன் சிரிப்பான்."

அவரு சொன்னதும் சரி, டப்பாவுல போட்டதும் சரி. ஐரோப்பாவுல 1435 மில்லிமீட்டருக்கு கீழ எது இருந்தாலும் நேரோ கேஜ்தான். நம்ம நாட்டுல பிராட் கேஜ் 1676, மீட்டர் கேஜ் 1000, அதுக்கும் கீழ 762ம் 610ம் தான் நேரோ கேஜ். கால்கா சிம்லா 762, டார்ஜிலிங், மாத்தேரான் எல்லாம் 610. நம்ம ஊட்டி ரயிலு மீட்டர் கேஜ், நிறைய பேரு அத நேரோ கேஜுன்னு நினைச்சுட்டு இருக்காங்க. இதுல இன்னொரு குழப்பம், இதே 45 மில்லிமீட்டர் தண்டவாளத்துல 1:32ன்னு, அதாவது 32ல ஒரு பங்குன்னு, 1435 பெரிய லைன் வண்டியும் விக்கான், 1:20.3ன்னு அமெரிக்காக்காரனோட மூணடி கேஜ் வண்டியும் விக்கான். எல்லாம் ஓடும், ஆனா பக்கத்துல பக்கத்துல நிறுத்துனா ஒரு பெட்டியோட கதவு இன்னொரு பெட்டியோட ஜன்னல் உயரம்தான் இருக்கும். நான் தெரியாம ஒரு 1:32 வேகன் வாங்கிட்டேன், அது இப்போ வண்டி இல்ல, என் லைன்ல பேச்சிப்பாறைன்னு பேரு வச்ச ஸ்டேஷன்ல தண்ணித் தொட்டி. டார்ஜிலிங்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறவங்க 32 மில்லிமீட்டர் கேஜ்ல 1:19 பாருங்க, அதுதான் ரெண்டடி கேஜுக்கு சரியா வரும்.

எனக்கு மீட்டர் கேஜே போதும்னு தோணுச்சு, அதுக்கு ஒரு காரணம் உண்டு. நம்ம மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979ல, திருவனந்தபுரத்துல இருந்து நாகர்கோவில், கன்னியாகுமரி. திருநெல்வேலியோட சேந்தது 1981ல. ரெண்டும் வரும்போதே பிராட் கேஜ். அதனால இங்க பொறந்த எவனும் சொந்த ஊர்ல மீட்டர் கேஜ் பாத்திருக்க முடியாது. நான் சின்னதுல செங்கோட்டையில இருந்து கொல்லத்துக்கு போற வண்டியில ஒரு தடவ போயிருக்கேன், பதிமூணு கண்ணறை பாலத்து மேல அது பைய பைய ஊர்ந்தது இன்னைக்கும் கண்ணுல நிக்கி. 2010ல அத நிறுத்திட்டாங்க, 2018ல பிராட் கேஜா திறந்தாங்க.

இடம் குலசேகரத்துக்கு பக்கத்துல எங்க வீட்டு விளை. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல்ல 11 ரப்பர் மரம் போச்சு, அந்த இடம் சும்மா கிடந்துது, மரச்சீனி நட்டா பன்னி விடாது. சரி ரயிலாவது நடலாம்னு இறங்குனேன். ரெண்டு வீடியோ பாத்த திமிர்ல செம்மண்ண தட்டி சமமாக்கி நேரா அது மேலயே தண்டவாளத்த வச்சுட்டேன். பங்குனி சித்திரை ரெண்டு மாசமும் பொன்னு மாதிரி ஓடுச்சு. சொந்தக்காரங்க எல்லாம் வந்து பாத்துட்டு சாயா குடிச்சுட்டு போனாங்க. இடவப்பாதி தொடங்கி மூணாவது நாள் காலையில போய் பாக்கேன், எட்டு அடி நீளத்துக்கு தண்டவாளம் அந்தரத்துல தொங்குது, அடியில இருந்த மண்ணு முழுக்க கிணத்துப் பக்கம் போய் சேந்தாச்சு. மாமா குடைய பிடிச்சுட்டு வந்து நின்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "தண்ணி எங்க போகும்னு யோசிச்சியா?"

யோசிக்கல. டப்பாவோட வந்த புஸ்தகத்துலயும் அத பத்தி பெருசா ஒண்ணும் இல்ல, படத்துல உள்ள தோட்டம் எல்லாம் கம்பளம் விரிச்ச மாதிரி இருக்கு. நம்ம ஊர் மழை வேற. அதனால இனி வாங்குறவங்களுக்கு சொல்லுதேன், செட்டுக்கு எவ்வளவு செலவோ கிட்டத்தட்ட அவ்வளவு அடிப்படைக்கும் ஆகும்னு எடுத்து வச்சுக்கோங்க. ரெண்டாவது தடவ நான் பண்ணுனது, ஒரு அடி அகலத்துல முக்கால் அடி தோண்டி அடியில அரை அடிக்கு முக்கால் இஞ்ச் மெட்டல் (ஜல்லி), அத இடிச்சு இறுக்கிட்டு மேல கால் இஞ்ச் சிப்ஸ் (பொடி ஜல்லி), அதுல கொஞ்சம் கிரஷர் பொடி கலந்தது. பொடி கலக்கலன்னா சிப்ஸ் உருண்டுட்டே இருக்கும், தண்டவாளம் நிக்காது, பொடி கூடிப் போனா சிமெண்ட் மாதிரி இறுகி தண்ணி கட்டும், சிப்ஸ் மூணு கூடைக்கு பொடி ஒரு கூடை எனக்கு சரியா வந்துது. மேட்டுப் பக்கத்துல இருந்து வர்ற தண்ணி தண்டவாளத்துக்கு அடியில கடக்க அஞ்சு இடத்துல ரெண்டிஞ்ச் பிவிசி பைப்பு. அந்த பைப்புல மறு மாசமே பெருச்சாளி குடித்தனம் வந்து அது வழியா மெட்டல தோண்டி வெளிய போட்டுச்சு, பெறகு வாயில கம்பி வலை அடிச்சேன். இவ்வளவும் பண்ணுன பெறகு அடுத்த மழையில ஒரு இஞ்ச் கூட அசையல. மாமா வந்து பாத்தாரு, ஒண்ணும் சொல்லாம போனாரு, அவரு ஒண்ணும் சொல்லலன்னா அது சர்டிபிகேட்டு.

கடற்கரை மணல் போட்டா அழகா இருக்கும்னு ஒருத்தன் ஐடியா குடுத்தான். தயவு செஞ்சு போடாதீங்க. மணவாளக்குறிச்சி பக்கத்து கருமணல்ல இல்மனைட்டும் மோனசைட்டும் இருக்கு, அள்ளுனா கேஸு, அத விடுங்க. கருமணல்ல காந்தத்துக்கு போய் ஒட்டுற பொடியும் உண்டு, எஞ்சினோட மோட்டாருக்குள்ள இருக்கது காந்தம், கியர் பாக்ஸ் தரையில இருந்து ரெண்டு விரல் உயரம். போதாதுக்கு உப்பு வேற.

தண்டவாளத்த எங்கயும் ஆணி அடிச்சு கட்டாதீங்க, சிப்ஸ்ல சும்மா கிடக்கணும். பித்தளை வெயிலுக்கு நீளும், 1.2 மீட்டர் துண்டு 30 டிகிரி சூடு ஏறுனா முக்கால் மில்லிமீட்டர் கிட்ட நீளும், எங்க லைன் மொத்தம் 34 மீட்டர், கூட்டிப் பாத்தா ரெண்டு சென்டிமீட்டர் வருகு. எங்கயாவது அதுக்கு போக்கு வேணும். காலையில நேரா இருந்த லைன் மத்தியானம் பாம்பு மாதிரி நெளிஞ்சு கிடக்கத நான் பாத்துட்டேன்.

வளைவு, மேடு, இந்த ரெண்டுலயும் டப்பா நம்மள ஏமாத்துது. செட்டுல வர்ற வளைவு ஆர்1, அதாவது நடுவுல இருந்து 60 சென்டிமீட்டர், வட்டம் போட்டா நாலு அடிதான். குட்டி எஞ்சினுக்கு ஓகே, நீளமான போகி கோச்சு அதுல திரும்பும்போது கோச்சோட மூலை வெளிய தள்ளி நிக்கும், பாக்கவே சகிக்காது. இடம் இருந்தா 120 சென்டிமீட்டருக்கு போங்க, மொத நாளே போங்க. மேடு 40க்கு 1 (40 அடி போனா ஒரு அடி ஏறுறது) தாண்டாம பாத்துக்கோங்க. என் விளை சரிவு, அதனால மொதல்ல 22க்கு 1 வச்சேன், ரெண்டு பெட்டியோட ஏறுச்சு, மூணாவது மாட்டுனதும் சக்கரம் நின்ன இடத்துல சுத்துது. ஊட்டி ரயிலு 12.5க்கு 1 ஏறலையான்னு என் மக கேட்டா. அதுக்கு நடுவுல பல்லுத் தண்டவாளம் உண்டு மக்கா, நமக்கு இருக்கது ஒரு சக்கரத்துல ரப்பர் டயரு. அந்த டயரும் ஒன்றரை வருஷத்துல வெடிச்சு போச்சு, ஸ்பேர் கேட்டு எழுதி நாலு மாசம் கழிச்சு வந்துது, நடுவுல சைக்கிள் டியூப்ப வெட்டி மாட்டி ஓட்டுனேன்.

ஒரு அஞ்சு மீட்டருக்கு நானே தண்டவாளம் பண்ணலாம்னு ரயில மட்டும் வாங்கி அயினி மரத்துல ஸ்லீப்பர் அறுத்து போட்டேன், பாக்க அவ்வளவு அழகு, நிஜ லைன் தோத்துரும். செதலுக்கும் அது பிடிச்சு போச்சு. ஆறே மாசம். இப்போ அலமாரி பண்ற பட்டறையில வெட்டிப் போடுற பிவிசி போர்டு துண்டு, ஒரு சாக்கு ஓசியில கிடைச்சுது, கறுப்பு பெயிண்ட் அடிச்சா ரெண்டடி தள்ளி நின்னு பாத்தா யாருக்கும் தெரியாது.

இனி கரண்டு. செட்டுல வர்ற முறை, தண்டவாளத்துலயே 24 வோல்ட் வரைக்கும் டிசி போகும், சக்கரம் வழியா எஞ்சின் எடுத்துக்கும். ஷாக் அடிக்காது, பிள்ளைங்க தொடலாம். ஆனா நம்ம ஊர் ஈரத்துக்கு பித்தளை ஒரே வாரத்துல கறுத்து போகும், ஜாயினருக்குள்ள களிம்பு பிடிக்கும், ரப்பர் இலை விழுந்து ஒட்டி அழுகும், எஞ்சின் தூரத்து மூலையில போய் விக்கி விக்கி நிக்கும். ஓட்டுறதுக்கு முன்னாடி முக்கால் மணி நேரம் குத்த வச்சு 34 மீட்டரையும் ஸ்காட்ச் பிரைட் போட்டு தேய்ச்சேன்னா, அரை மணி நேரம் ஓட்டலாம். எங்க அம்மை பாத்திரம் தேய்க்க கூப்புட்டா வராதவன்னு அப்போதான் சொன்னா. ஐப்பசியில ஒரு நாள் இடி வெட்டுனதுல கன்ட்ரோலரும் போச்சு, அது என் தப்பு, பிளக்க பிடுங்காம விட்டுட்டேன்.

அதோட பேட்டரிக்கு மாறிட்டேன். 18650ன்னு சொல்ற, சார்ஜ் போடுற லித்தியம் செல்லு நாலு, சீரிஸ்ல 14.8 வோல்ட், ஒரு பாதுகாப்பு போர்டு, ஒரு ரிமோட் ரிசீவர். எஞ்சினுக்குள்ள இடம் இல்ல, பின்னாடி வர்ற மூடுன வேகன்ல வச்சு ரெண்டு ஒயர் முன்னாடி இழுத்தாச்சு. நாகர்கோவில்ல எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பண்ற ஒரு தம்பி ஒரு சாயங்காலத்துல பண்ணி குடுத்தான். இப்போ தண்டவாளம் கறுத்தா என்ன பச்சை பிடிச்சா என்ன, ஒண்ணரை மணி நேரம் ஓடும். இந்த ரிவ்யூல ஒரே ஒரு வரிய மட்டும் எடுத்துக்கிடுவீங்கன்னா இத எடுத்துக்கோங்க, கடற்கரையோட கிடக்கிற மாவட்டத்துல தண்டவாளத்துல கரண்டு விட்டு ஓட்டாதீங்க.

எஞ்சின பத்தி குறை சொல்ல மனசு வரல. கனமா உண்டு, மழையில நனைஞ்சும் ஓடியிருக்கு, விளக்கு அருமை. புகை விடுற சாமான் சும்மா, ஒரு சொட்டு எண்ணெய் ஊத்துனா ரெண்டு நிமிஷம் ஊதுபத்தி மாதிரி வரும். பெட்டியோட பிளாஸ்டிக் சக்கரம் அழுக்க இழுத்து தண்டவாளத்துல பூசுது, இரும்புச் சக்கரம் மாத்துங்க, கீழ கனம் இருந்தா கவுறவும் செய்யாது. கொக்கி ஒரு பக்கம் மட்டும் மாட்டி வருகு, லைன் கொஞ்சம் ஏத்த இறக்கமா இருந்தா கழண்டுரும், மறு பக்கமும் கொக்கி போட்டேன், பெறகு பிரச்சனை இல்ல.

இவ்வளவும் சரியான பெறகுதான் நிஜமான குறை தெரிஞ்சுது. சலிச்சு போச்சு. வட்டத்துல வண்டி சுத்திட்டே இருக்கு, நாம சாயாவ பிடிச்சுட்டு பாத்துட்டே இருக்கோம், பத்து நிமிஷத்துக்கு மேல யாருக்கு பொறுமை? என் மக ஒரு நாள் கேட்டா, "அப்பா இந்த ரயிலு எங்கதான் போகுது?" மாமா வேலியில கைய வச்சு நின்னுட்டு, "அதானே, அம்மங்கோயில்ல பிரகாரம்லா சுத்துது"ன்னாரு.

அன்னைக்கு ராத்திரி வட்டத்த பிரிச்சேன். இப்போ லைன் ஒரு முனையில தொடங்கி மறு முனையில முடியும். மூணு ஸ்டேஷன், குலசேகரம், பொன்மனை, பேச்சிப்பாறை. பேச்சிப்பாறை அணை 1906ல முடிஞ்சுதுல்லா, அது கட்டுற காலத்துல ஒரு குட்டி லைன் போட்டு, பெறகு அத எடுக்காம எஸ்டேட் சாமான் ஏத்த விட்டிருந்தா எப்படி இருக்கும், முழுக்க கற்பனைதான். மூணாறுல அப்படி ஒண்ணு நிஜமாவே இருந்துச்சு, குண்டளா வேலி (பள்ளத்தாக்கு) ரயிலு, தேயிலை ஏத்த போட்ட ரெண்டடி கேஜ். 1924 வெள்ளத்துல அடிச்சுட்டு போச்சு. கொல்லம் ஆண்டு 1099, பழைய ஆளுங்க இன்னும் தொண்ணூத்தொம்பதாம் வெள்ளம்னுதான் சொல்லுவாங்க. ஒரு மழையில என் லைன் போனதுக்கே நான் ரெண்டு நாள் சோறு உண்ணல, அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்.

மாமா அதுல இருந்து முழுசா உள்ள இறங்கிட்டாரு. மொத வேலை, வேகத்த குறைச்சாரு. ஊட்டி ரயிலு மேட்டுப்பாளையத்துல இருந்து 46 கிலோமீட்டர் ஏற அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகுது, அப்போ மணிக்கு 10 கிலோமீட்டர்னு வச்சாலே கூடுதல். 22.5ல வகுத்தா செகண்டுக்கு 12 சென்டிமீட்டர், ஒரு மீட்டருக்கு எட்டு செகண்டு. டப்பாவுல வந்த கன்ட்ரோலர முழுசா திருப்புனப்போ ஒரு மீட்டர ரெண்டு செகண்டுல தாண்டுச்சு, அந்த கணக்குக்கு 40 கிலோமீட்டர், மலைப்பாதையில அந்த வேகத்துல போனா டிரைவருக்கு மெமோதான். இப்போ 34 மீட்டருக்கு அஞ்சு நிமிஷம் கிட்ட ஆகுது. நம்பவே மாட்டீங்க, மெதுவா விட்டதும் அதே பொம்மை எஞ்சின் பெருசாயிட்டு. சக்கரம் ஒவ்வொரு ஜாயின்டுலயும் டக்குன்னு விழுறது கேக்கு, இறக்கத்துல பெட்டி ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிடுறது தெரியுது. 34 மீட்டர பெருக்கிப் பாத்தா முக்கால் கிலோமீட்டர்தான், அதுக்குள்ள பேச்சிப்பாறை வராதுன்னு எனக்கும் தெரியும், அதனால கடிகாரத்த வேகமா ஓட விட்டிருக்கோம், நம்ம ஒரு நிமிஷம் லைன்ல ஆறு நிமிஷம்.

ரெண்டாவது, டோக்கன். ஒத்த லைன், அதனால ஒரு செக்ஷனுக்கு (ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல உள்ள லைன்) ஒரு டோக்கன், அது கையில இல்லாம வண்டி எடுக்கப்பிடாது. பழைய பம்பரத்துல ஆணிய பிடுங்கிட்டு சிவப்பு பெயிண்ட் அடிச்சது ஒண்ணு, பச்சை ஒண்ணு. எஞ்சின் ஒண்ணுதானே மாமா, எது எதோட மோதும்னு கேட்டேன். "இன்னைக்கு ஒண்ணு. பழக்கம் இன்னைக்கே வரணும்"னாரு. ரெண்டாவது எஞ்சின் வந்தது போன மாசம், அப்போ புரிஞ்சுது.

மூணாவது சரக்கு. இதுதான் எல்லாத்தையும் மாத்துச்சு. கல்யாணப் பத்திரிகைய வெட்டி ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு சீட்டு, அதுல என்ன சரக்கு, எங்க இருந்து எங்க. பேச்சிப்பாறையில ரப்பர் ஷீட்டும் கிராம்பும் ஏறும், பொன்மனையில மட்டி வாழைக்குலை, குலசேகரத்துல இருந்து உரமும் அரிசியும் மேல போகும். ரப்பர் ஷீட்டுக்கு நிஜ ஷீட்டோட ஓரத்த நறுக்கி கட்டி வச்சிருக்கோம், கிராம்பு நிஜ கிராம்புதான், வேகன திறந்தா மணக்கும். காலையில சீட்ட கலக்கி எடுக்கணும், எது எங்க வருதோ அந்த மாதிரி வண்டிய பிரிச்சு சேக்கணும், அதுதான் ஷண்டிங்க். வேகன் எஞ்சினுக்கு முன்னாடி மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவ, சைடிங்க்ல (ஒதுக்கி நிறுத்துற பக்கத்து துண்டு லைன்) ஏற்கெனவே ஒண்ணு நின்னா என்ன பண்ணுவ, பேச்சிப்பாறையில எஞ்சின் லூப் (பிரிஞ்சு போய் மறுபடி சேர்ற பக்கத்து லைன்) வழியா சுத்தி மறு முனைக்கு வரணும், லூப்ல மூணு வேகனுக்குத்தான் இடம், நாலு வந்துட்டுன்னா? பொன்மனையில ஒரே ஒரு வாழைக்குலை வேகன சைடிங்க்ல போட ஒரு நாள் 25 நிமிஷம் மூணு பேரும் நின்னு சண்டை போட்டோம். சாயா ஆறி போச்சு, யாரும் கவனிக்கல. இதுக்கு தேவையான எக்ஸ்ட்ரா சாமான் நாலு பாயிண்ட் (வண்டிய ஒரு லைன்ல இருந்து இன்னொரு லைனுக்கு திருப்பி விடுற தண்டவாளம்), அவ்வளவுதான். பாயிண்டுக்கு எலக்ட்ரிக் மோட்டார் வாங்காதீங்க, எறும்பு புகுந்துரும், கையால தள்ளுறதுதான் நல்லது, ஷண்டிங்க் பண்றவன் எப்படியும் வண்டி கூடவே நடக்கணும்லா.

வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் கீமேன். கையில ஒரு பெயிண்ட் பிரஷ்ஷும் குட்டி சுத்தியலும் எடுத்துட்டு ஒரு முனையில இருந்து மறு முனைக்கு நடந்து, பாயிண்டுல கல்லு சிக்கியிருக்கா, பலா இலை கிடக்கா, ஜாயின்ட் விலகியிருக்கான்னு பாக்கணும். மழைக்காலத்துல பெரிய எதிரி ரயில் பூச்சிதான். கறுப்பா, விரல் நீளத்துக்கு, தண்டவாளத்தோட சூட்டுக்கு வந்து மேல ஏறி படுத்திருக்கும், சக்கரம் ஏறுச்சுன்னா வழுவழுன்னு ஆகி மேட்டுல எஞ்சின் நின்ன இடத்துலயே சுத்தும். ரயில் பூச்சி ரயில நிறுத்திட்டுன்னு மக டைரியில எழுதி வச்சிருக்கா, தாமதத்துக்கு காரணம்ங்கிற கட்டத்துல.

செடிக்கு பெருசா செலவு பண்ணல. குட்டி ரக செத்திப்பூவ மரம் மாதிரி வெட்டி விட்டா அளவுக்கு சரியா நிக்கும், சரிவுல டேபிள் ரோஸ். கோரைய மட்டும் வாரா வாரம் வேரோட பிடுங்கணும், ஒரு மாசம் விட்டா சிப்ஸ தூக்கிட்டு வரும்.

மாத்தூர் தொட்டிப்பாலம் மாதிரி ஒண்ணு கட்டணும்னு மகளுக்கு ஆசை. அது 115 அடி உயரம், 22.5ல வகுத்தா அஞ்சு அடி வருகு, வண்டி கவுந்தா வித்து தின்ன கூட ஒண்ணும் மிஞ்சாது. ஒன்றரை அடியில நாலு தூணோட நிறுத்திக்கிட்டோம், பைப்புக்குள்ள சிமெண்ட் ஊத்தி. அதுவே போதும், காலை வெயில்ல நிழல் விழும்போது நல்லாவே இருக்கு.

ஸ்டார் எவ்வளவுன்னு கேட்டா, டப்பாவுக்கு மூணு. வளைவு சின்னது, கரண்டு முறை நம்ம ஊருக்கு ஆகாது, ஸ்பேர் கிடைக்க கஷ்டம். எஞ்சினுக்கும் தண்டவாளத்துக்கும் மட்டும் தனியா நாலரை. விளையோ முற்றமோ 20 அடியாவது நீளம் இல்லாதவங்க வாங்கி காச கரியாக்காதீங்க, வீட்டுக்குள்ள வைக்கதுன்னா இதவிட சின்ன அளவுல நிறைய கிடைக்கும். மொட்டை மாடியில போடலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு, மழைத்தண்ணி போற ஓட்டைய அடைக்காம போட முடிஞ்சா போடுங்க, ஆனா மத்தியானம் அங்க குத்த வச்சு ஷண்டிங்க் பண்ணுவேளான்னு யோசிச்சுக்கோங்க.

போன ஞாயித்துக்கிழமை 4.10 வண்டி குலசேகரத்துல ஏழு நிமிஷம் நின்னுச்சு. டோக்கன் கையில இருக்கு, பாயிண்ட் சரியா இருக்கு, ரப்பர் இறக்கி உரம் ஏத்தியாச்சு, நான் ரிமோட்ட பிடிச்சுட்டு நிக்கேன், மாமா பச்சைக்கொடிய காட்ட மாட்டேங்காரு. என்னன்னு கேட்டா வாயில வெத்தலைய போட்டுட்டு கடைசி வேகன கண்ணால காட்டுனாரு. ஐஸ் குச்சியில மஞ்சள் பெயிண்ட் அடிச்சு எல்.வி.ன்னு எழுதுன போர்டு அதுல இல்ல. கடைசி பெட்டின்னு அடையாளம் இல்லாத வண்டிய எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் விடமாட்டான், நடுவழியில பாதி வண்டி கழண்டு நின்னா யாருக்கு தெரியும்? மக வீட்டுக்குள்ள ஓடிப் போய் தேடுனா, எங்கயும் இல்ல. கடைசில பாத்தா எங்க அம்மை அத எடுத்து கறிவேப்பிலை தொட்டியில மண்ணு கிளற வச்சிருக்கா.